ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விற்பனைச் செய்தியோடு தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் படம் போட்டிருந்தீர்கள். கூட்டத்துக்கு அப்பால், சேலையை விரித்துப் பிடித்தபடி நிற்கிற பெண்களைத்தான் என் கண் தேடியது. வேறொரு கடையில் ஒன்பது வருடம் அப்படி நின்றவள் நான்.

காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு பத்து வரை நிற்க வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்திலேயே இருக்கிறதாம்! கேரளத்தில் 2018-இல் வந்த உட்காரும் உரிமை, 2021-இல் அதே சட்டத்தில் 22-ஏ பிரிவாகச் சேர்ந்து நமக்கும் வந்தது. எங்கள் தளத்துக்கு நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. ஒரே வாரத்தில் அவற்றின் மேல் ரவிக்கைத் துணிக் கட்டுகள் ஏறி உட்கார்ந்துகொண்டன.

வேலைக்கு நடுவே வாய்ப்பு அமையும்போது உட்காரலாம் என்கிறது சட்டம். வாய்ப்பு அமைந்ததா என்று முடிவு செய்கிறவர் ஃப்ளோர் மேனேஜர். பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு மதியம், தளத்தில் ஈ காக்கை இல்லை. வலது காலைச் சற்றுத் தூக்கி அலமாரியில் சாய்ந்தேன். கேமரா அறையிலிருந்து உடனே இன்டர்காம் அடித்தது. என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "மூன்றாம் கவுன்டர், நேராக நில்" என்றார்கள். சம்பளத்தில் நூறு ரூபாய் பிடித்தம்.

கால் வலிக்குத் தைலம் இருக்கிறது. வாடிக்கையாளர் வெறுங்கையோடு இறங்கிப் போனால் விழுகிற பேச்சுக்கு என்ன இருக்கிறது? கேட்ட நிறத்தைக் கொள்முதல் செய்யாதது மேலிடம். "உன் முகத்தைப் பார்த்துத்தான் போய்விட்டார்கள்" என்று எல்லோர் முன்னாலும் திட்டு வாங்குவது நாங்கள். மாத இலக்கு மட்டும் சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறையாது.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் எங்களுக்கு முதல் நாளே தெரியும். துணிக் கட்டுகள் இறங்கி, ஸ்டூல்கள் துடைத்து வைக்கப்படும். தொழிலாளர் துறைக்கு ஒரு வேண்டுகோள்: சீசனில், இரவு எட்டு மணிக்கு, சொல்லாமல் வாருங்கள். மேனேஜரை வைத்துக்கொண்டு எங்களிடம் எதுவும் கேட்காதீர்கள். சாப்பாட்டு அறைக்கு வாருங்கள். நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடிகிற ஒரே இடம் அதுதான், அதுவும் இருபது நிமிடம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தென்காசி.