ஓட்டோ ஸ்டார்ட்டர் கோளாறு: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் முறைப்பாடு

மதிப்புக்குரிய சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறு தடவை உங்கள் சேவை நிலையத்துக்கு அலைந்து களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2011ஆம் ஆண்டு ஓட்டோ. செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பற்றரி போய்விட்டது என்றீர்கள். 14,500 ரூபா கொடுத்துப் புதிது போட்டேன். அடுத்த நாளே அதே ‘டிக்’. அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டர் என்றீர்கள். 21,000 ரூபா. அதற்குப் பிறகும் அதே ‘டிக்’.

கவுண்டரில் இருந்த தம்பியிடம் சொன்னேன். “பழைய சாமானைக் கொண்டுவந்து எங்கட உயிரை எடுக்காதீங்க” என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. என் மகள் பக்கத்தில் நின்றாள். இந்த ஓட்டோவில்தான் அவளைப் படிக்கவைக்கிறேன்.

கடைசியில் பஞ்சிகாவத்தையில் ஒரு மெக்கானிக் பாஸ் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். பற்றரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு நேரே ஒரு தடித்த வயரைப் பிடித்துக்கொண்டு, “இப்ப அழுத்துங்க அண்ணே” என்றார். உடனே ஸ்டார்ட். பற்றரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கிற பழைய எர்த் வயரைக் கழற்றிக் காட்டினார். நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் இழைகள் உதிர்ந்தன. வெள்ளவத்தைக் கடற்காற்றில் நிற்கிற வண்டி வேறு எப்படி இருக்கும்? எஞ்சின் கரண்ட் கடத்தாத ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது, எர்த் வயர் கெட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது என்பது வண்டியை விற்ற உங்களுக்குத் தெரியாதா? புது வயர் 900 ரூபாதான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை வாருங்கள் என்றவரும் அதே தம்பிதான். அன்று போயா விடுமுறை. தோள் நோவோடு கைலீவரை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணி வந்தால், கேட்டில் பூட்டு. அன்றிரவு கையைத் தூக்க முடியவில்லை. இந்த அலைச்சலில் காலை ஸ்கூல் ஹயர் மூன்றும் கைவிட்டுப் போயின. என் தொழிலே அழிந்துவிட்டது.

பற்றரியை நான் வைத்துக்கொள்கிறேன், சரி. மோட்டருக்கு வாங்கிய 21,000 ரூபாவையும், நீங்கள் கழற்றி வைத்துக்கொண்ட என் பழைய மோட்டரையும் தயவுசெய்து தாருங்கள். புது மோட்டரைத் திருப்பிக் கொடுக்கிறேன். அந்தத் தம்பி என் மகள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1977க்கு அழைத்து நுகர்வோர் விவகார அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். அதுவரை போக எனக்கும் விருப்பமில்லை ஐயா.

இரண்டு பில்களின் பிரதிகளையும் அந்த எர்த் வயரின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓட்டோ உரிமையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06