விதி சேர்த்த இருவரைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ எழுதிவரும் தொடர்கதையின் முதல் ஏழு அத்தியாயங்களை அம்மா அச்செடுத்துக் கொடுத்தாள். ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஒரே வடிவ மச்சத்தோடு பிறந்த இருவர், அந்த மச்சத்தையும் தங்களைச் சேர்த்துவைக்க முனையும் விதியையும் சேர்த்தே வெறுக்கிறார்கள் என்ற முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது. கோட்டை வாசலில் அவனைக் கண்டதும் அவள் தன் மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொள்ளும் இடத்தைத் திரும்பவும் ஒருமுறை படித்தேன். எனக்கு உறுத்துவது ஏழாம் அத்தியாயம். முற்பிறவியில் அவன் தன் கணவன் என்று தெரிந்ததும் அதுவரை அவள் காட்டிய மறுப்பெல்லாம் வெயில் பட்ட பனியாகிவிடுகிறது. வகுப்பில் ஆண்டுதோறும் மணிமேகலை நடத்திவந்த எனக்கு, இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

பள்ளியில் நீ படித்த மணிமேகலை அமுதசுரபியோடு முடிந்திருக்கும். சாத்தனாரின் முப்பது காதைகளில், முதல் இருபத்திரண்டையாவது இப்போது ஒரு காதல் கதையாக நினைத்துப் படித்துப் பார். மதம்கொண்ட யானையை அடக்கிய கையோடு சோழ இளவரசன் உதயகுமரன், மணிமேகலை இருக்கும் உவவனச் சோலைக்குத் தேரில் வருகிறான். அவள் பளிங்கு அறைக்குள் ஒளிந்துகொள்கிறாள். (தேரேறித் துரத்தும் இளவரசர்கள்மீது எனக்கு என்றுமே நல்லெண்ணம் இருந்ததில்லை, அவன் பேச்சும் அதற்கேற்பவே இருக்கிறது.) கற்பு இல்லாதவள், தவ உணர்வு இல்லாதவள், விலைமகள் என்று அவன் இகழ்ந்ததைத் தன் காதாலேயே கேட்ட பிறகும், அவள் தோழி சுதமதியிடம் சொல்வது இது: ‘புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம், இதுவோ அன்னாய் காமத்து இயற்கை? இதுவே ஆயின் கெடுக தன் திறம்.’ தன் நெஞ்சு தன்னைக் கேளாமலே போய்விட்டதைக் கண்ட ஒரு பெண்ணின் கோபம் இதில் இருக்கிறது. உன் நாயகி முதல் ஆறு அத்தியாயங்களிலும் அவனைத்தான் கோபிக்கிறாள். தன்னை ஒருமுறைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை.

அதன்பின் மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோகிறது. அங்கே புத்த பீடிகை என்னும் புத்தரின் இருக்கையைக் கண்டதும் பழம்பிறப்பு விளங்குகிறது: அவள் இலக்குமி, திட்டிவிடம் என்னும் பாம்பால் இறந்த இராகுலன் அவள் கணவன், அவனோடு அவளும் தீயில் புகுந்தவள். அந்த இராகுலனே இன்றைய உதயகுமரன் என்று தெய்வம் சொல்கிறது. உன் கதை உருகத் தொடங்கும் இந்த இடத்தில்தான் சாத்தனாரின் கதை இறுகத் தொடங்குகிறது. உள்ளம் ஏன் அவன்பால் போயிற்று என்பதற்கு அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆயினும், அவனோடு போயாக வேண்டும் என்ற கட்டாயம் அதிலிருந்து பிறக்கவில்லை.

புகாருக்குத் திரும்பி அம்பலத்தில் பசித்தோர்க்குச் சோறிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் மறுபடியும் எதிரே வந்து நிற்கிறான். பழைய கணவன் என்பதால் அவன் அடிதொழுவது தகும் என்று எண்ணி வணங்குகிறாள். நெஞ்சம் அவன் பக்கமே சாய்கிறது, கையைப் பற்றிவிடுவானோ என்ற நினைப்பும் வருகிறது, பழங்காதலன் சொல்லை மறுத்துப் பேசுவது நன்றன்று என்று நடுங்குகிறாள். அந்த நடுக்கத்தோடேயே, பிறத்தலும் மூத்தலும் பிணியும் இறத்தலும் உடைய இந்த உடம்பின் இயல்பை உணர்ந்து அறத்தை விரும்பினேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போய், விஞ்சையன் (வானுலவும் வித்தியாதரன்) காஞ்சனனின் மனைவி காயசண்டிகையின் உருவை எடுத்துக்கொள்கிறாள். மறுப்புக்கு எடை கூடுவது இங்கேதான். அவளுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது, அவள் கைப்பாத்திரத்தை எதிர்பார்த்துப் பசியோடு ஆட்கள் இருக்கிறார்கள். உன் நாயகி மருத்துவச்சி என்கிறாய். ஆனால் ஏழு அத்தியாயங்களில் ஒரு நோயாளியின் முகத்தையாவது நான் பார்க்கவில்லை. அவனோடு போனால் யார் மருந்தில்லாமல் கிடப்பார்கள் என்று எழுது. அவள் தயக்கத்தை வாசகர் தாமே நம்புவார்கள்.

தொல்காப்பியர் களவியலில் ‘ஒன்றி உயர்ந்த பாலது ஆணையின்’, அதாவது விதியின் ஆணையால், ஒத்த இருவரும் காண்பர் என்கிறார். எதிர்ப்படுத்துவதோடு விதியின் பங்கு முடிகிறது. தோழியை இரப்பதும், இரவில் வந்து நிற்பதும், வரைவுக்கு, அதாவது மணத்துக்கு, முயல்வதும் எல்லாம் அந்த இருவரும் சுற்றத்தாரும் படும் பாடுதான்.

ஒன்றில் மட்டும் சாத்தனாரோடு எனக்குப் பிணக்கு உண்டு. பழம்பிறப்பு அவளுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரிகிறது. உதயகுமரனுக்குக் கடைசிவரை தெரியாது. அவளைத் தன் மனைவி என்று மயங்கிய விஞ்சையன் காஞ்சனன் நள்ளிரவில் அவனை வாளால் வெட்டிச் சாய்க்கிறான். அதற்குப் பிறகுதான், உன் தீவினையைப் போக்கவே நான் இந்த வடிவெடுத்தேன் என்று அவள் புலம்புகிறாள்; ‘காதல!’ என்று அவனை விளிப்பதும் அப்போதுதான். அருகே போக முனைந்தவளைத் தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை ‘செல்லல் செல்லல்’ என்று தடுத்துவிடுகிறது. துரத்துவதற்கும் சாவதற்கும் மட்டுமே அவனை வைத்துக்கொண்டார் புலவர். நீ உன் நாயகனுக்கும் அந்த அறிவைக் கொடு. இருவரும் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, அப்போதும் ஒருவரையொருவர் வேண்டாம் என்று சொல்ல முயன்றால் என்ன ஆகும் என்பதைப் பழைய காப்பியம் எழுதாமல் விட்டுவைத்திருக்கிறது. அந்த இடம் உனக்கு வாய்த்திருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்தை மாற்றி எழுதியதும் அனுப்பு. காப்பியத்தைப் பின்பற்றுகிறேன் என்று அவனை வாளுக்குப் பலி கொடுத்துவிடாதே. அவனுக்கு எப்போது கல்யாணம் என்று உன் அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா