காணாமல் போன ஆர்குமெண்ட்: ஷெல் ஸ்கிரிப்ட் எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

"அலுவலகம்", "சனி" என்று இரண்டு ஆர்குமெண்டுகள் (ஸ்கிரிப்டின் பெயரோடு சேர்த்துக் கொடுக்கும் சொற்கள்) கொடுத்து இயக்கிய உன் பேக்கப் ஸ்கிரிப்ட், முதல் ஆர்குமெண்டைக் குறிக்கும் $1 ஆக "அலுவலகம்" இருக்க வேண்டிய இடத்தில் "சனி"யை எடுத்துக்கொள்கிறது என்றும், ஸ்கிரிப்டைப் படித்து இயக்கும் ஷெல்லான பேஷிலேயே பிழை இருக்குமோ என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருந்தாய். இரண்டு கோப்புகளையும் வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். பேஷ் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. "அலுவலகம்" என்பதை விழுங்கியது, உன் ஸ்கிரிப்ட் சோர்ஸ் கட்டளையால் தனக்குள் இழுத்துப் படிக்கும் செட்டிங்ஸ் கோப்பின் 4ஆவது வரியில் உள்ள ஷிஃப்ட். முதல் ஆர்குமெண்டை நீக்கி, மற்றவற்றை ஓரிடம் முன்னே நகர்த்தும் கட்டளை அது.

ஒரு ஸ்கிரிப்டைத் தனியாக இயக்கினால் அதற்கென்று புதிய ப்ராசஸ், அதாவது தனியாக ஓடும் நிரல், உருவாகும். அதன் $1, $2 எல்லாம் அதற்கே உரியவை. சோர்ஸ் செய்யும்போதோ, ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லே அந்தக் கோப்பின் வரிகளையும் படித்து நிறைவேற்றுவதால், கோப்பின் பெயரை மட்டும் கொடுத்து அழைத்தால், அழைத்த ஸ்கிரிப்டின் ஆர்குமெண்டுகளே உள்ளேயும் தெரியும். உள்ளே ஷிஃப்ட் செய்தால் வெளியேயும் நகரும். செட்டிங்ஸ் கோப்பைத் தனியாக இயக்கிச் சோதித்தபோது எந்தக் குறையும் தெரியாமல் போனது இதனால்தான்.

சோர்ஸ் வரிக்கு முன்னும் பின்னும் எக்கோ "$#" "$@" என்று ஒரு வரி சேர்த்து இயக்கிப் பார். ஆர்குமெண்டுகளின் எண்ணிக்கையையும் ($#), ஆர்குமெண்டுகளையும் ($@) அது திரையில் காட்டும். முதலில் "2 அலுவலகம் சனி" என்று வரும். அடுத்து "1 சனி" என்று வரும்.

சோர்ஸ் வரியிலேயே ஆர்குமெண்ட் கொடுத்தால், அந்தக் கோப்பு ஓடும் வரை பேஷ் அவற்றையே $1, $2 ஆக வைத்துக்கொண்டு, முடிந்ததும் பழையவற்றை மீட்டுத் தரும். கோப்புக்குள் செட் -- என்று எழுதி ஆர்குமெண்டுகளையே மாற்றியிருந்தால் மட்டும் மீளாது. ஆனால் உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பு முதல் எஸ்ஹெச் (sh) என்ற பெயரில் ஓடுவது பேஷ் அல்ல, டேஷ் என்ற வேறொரு ஷெல்தான். அது இப்படிக் கொடுப்பதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே நான் விரும்பும் வழி வேறு: ஒரு ஃபங்ஷன் (பெயரிட்டு அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) எழுதி, சோர்ஸ் வரியை அதற்குள் வைத்து, "$@" என்று கொடுத்து அதை அழைத்துவிடு. ஃபங்ஷனுக்கென்று தனி ஆர்குமெண்டுகள் இருப்பதால் உன் "அலுவலகம்" பத்திரமாக இருக்கும். சோர்ஸ் என்ற சொல்லுக்குப் பதில் ஒரு புள்ளி (.) போட்டால் இரண்டு ஷெல்லிலும் இது செல்லும். சாதாரணமாக மதிப்பிட்ட மாறிகள் வெளியேயும் கிடைக்கும், ஆனால் பேஷில் டிக்ளேர் என்ற கட்டளையால் அறிவித்த மாறிகள் ஃபங்ஷனோடு மறைந்துவிடும் என்பதைக் கவனி.

டெர்மினலில் முதல் முறை வேலை செய்த ஆப்ஷன்கள் இரண்டாம் முறை சோர்ஸ் செய்யும்போது பலிக்கவில்லை என்றாயே, அதற்கும் வேர் இதுதான். ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் கட்டளையான கெட்ஆப்ட்ஸ் எதுவரை படித்தது என்பதை ஆப்டிண்ட் என்ற மாறி நினைவில் வைத்திருக்கிறது. ஷெல் அதேதான் என்பதால் எண்ணும் அப்படியே நிற்கிறது. கெட்ஆப்ட்ஸ் சுற்றுக்கு முன்பு அதை 1 ஆக்கிவிடு. அந்தக் கோப்பில் உள்ள எக்ஸிட்டையும் ரிட்டர்ன் என்று மாற்று. இல்லையென்றால் டெர்மினலே மூடிக்கொள்ளும்.

எக்கோ வரிகளை உடனே நீக்கிவிடாதே. இரண்டாவது எக்கோவும் "2 அலுவலகம் சனி" என்று காட்டியதைப் பார்த்த பிறகு நீக்கு.

அன்புடன்,
உன் அண்ணன்