கெபிக் காசு பற்றி அம்மாவுக்கு

கேவலாருக்குக் கிட்ட, யேர்மனி
19.09.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்பாவும் சின்னம்மாவும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

போன ஞாயிறு போனில் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "கோயிலுக்குப் போறியா, செபமாலை சொல்லுறியா" என்பது ஒன்று. "கெபிக்குக் காசு எப்ப அனுப்புவாய், மற்ற வெளிநாட்டுப் பிள்ளையள் எல்லாம் அனுப்பிப் போட்டினம்" என்பது மற்றது, ஊரில் மாதா சுரூபம் வைக்கக் கட்டுகிற அந்தக் கெபிக்கு. வாட்ஸ்அப்பில் இதைக் கதைக்க வெளிக்கிட்டால் இடையில் லைன் அறும், இல்லாவிட்டால் நீங்கள் அழத் தொடங்குவீர்கள், நான் கதையை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி ஆறுதலாய் வாசித்துக் காட்டட்டும்.

கோயிலுக்குப் போகிறேன் அம்மா. ஆனால் இங்கத்தைய கோயில் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கட்டடம் பெரிது, கல்லாலே கட்டினது, 400 பேர் இருக்கலாம். ஞாயிறு பூசைக்கு 30 பேர் வருவார்கள், எல்லாம் நரைத்த தலை. ஒரு சுவாமியாருக்கு நாலைந்து கோயில் பொறுப்பு. நம் ஊரில் பூசைக்குப் பிந்திப் போனால் வாசலில் செருப்புகளுக்கு நடுவில்தான் நிற்க வேண்டும். இங்கே எந்த வாங்கிலும் இருக்கலாம். வந்த முதல் வருசம் "இது செத்த கோயில் அம்மா" என்று நான் உங்களிடம் சொன்னது ஞாபகம் இருக்கும். அது பிழை. நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான்.

சனிக்கிழமை காலையில் அதே கோயில் மண்டபத்துக்கு வந்து பார்க்க வேண்டும். டாஃபல் என்று ஒன்று. அந்தச் சொல்லுக்கு மேசை என்று அர்த்தம். 1993இல் பெர்லினில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. கடைகளில் விற்காமல் மிஞ்சுகிற பாண், மரக்கறி, பால், தயிர் எல்லாவற்றையும் வானில் ஏற்றி வந்து, தெரிந்தெடுத்து, துடைத்து, அடுக்கி, வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். தனியே இருக்கிற வயதானவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், சிரியாக்காரர், உக்ரேன்காரர் என்று வெளியில் வரிசை நிற்கும். நிவாரண வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு அந்த வரிசையைப் பார்க்க முதல் நாள் நெஞ்சு அடைத்துவிட்டது. இப்போது வேலை இல்லாத சனிக்கிழமைகளில் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். பாண் என்னுடைய பொறுப்பு.

அங்கே பொறுப்பாய் இருப்பவர் பென்சன் எடுத்த ஒரு ரீச்சர். சம்பளம் ஒரு சதமும் இல்லை, 12 வருசமாய் வருகிறார். ஒருநாள் சொன்னார்: "எனக்குச் செபிக்க வராது, பாண் அடுக்க வரும்." அவர் அதைக் கவலையாகத்தான் சொன்னார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் பெட்டிகளை மடித்துக்கொண்டு நின்றேன்.

"கோயில் உன் சம்பளத்தில் காசு பிடிக்குதாமே" என்று பெரியப்பா கேட்டதாகச் சொன்னீர்கள். உண்மைதான். சம்பளத்தில் இல்லை, கட்டுகிற வருமான வரிக்கு மேல் 9 வீதம். மாதக் கணக்குத் துண்டில் அச்சடித்து வரும். விரும்பாதவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு விலகலாம், நிறையப் பேர் விலகுகிறார்கள். நான் விலகவில்லை. அந்தக் காசில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் அகதிப் பிள்ளைகளுக்கும் போவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனால் இங்கே இருப்பது எல்லாம் சரி, ஊரில் இருப்பது பிழை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஒன்று குறைகிறது. மாசி மாதம் ஒரு உக்ரேன்காரி வரிசை முடியும் நேரத்தில் வந்தாள். பையை நிரப்பிக் கொடுத்தோம். அவள் போகாமல் நின்று அழுதாள். மகன் சண்டைக்குப் போய் மூன்று கிழமையாய்ச் செய்தி இல்லையாம். ஒருவர் கதிரை கொண்டுவந்தார், ஒருவர் தேத்தண்ணி ஊற்றினார், ஒருவர் செஞ்சிலுவைச் சங்கத்தின் நம்பரை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எனக்கு உங்களின் முகம்தான் வந்தது. பக்கத்தில் குந்தி, கையைப் பிடித்து, தமிழில் "அருள் நிறைந்த மரியே" சொன்னேன். மொழி விளங்காது, ஆனால் மரியே என்றது விளங்கிவிட்டது. அவர்களின் வழக்கப்படி வலத் தோளில் தொடங்கிச் சிலுவை போட்டாள். திரும்பிப் பார்த்தால் ரீச்சரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். செபம் வராது என்றவர்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் என் பகுதியில் 90 வயது அம்மம்மா ஒருவர் இருக்கிறார். சிலேசியா என்ற இடத்தில் பிறந்தவர். சண்டை முடிந்து அந்த இடம் போலந்தோடு சேர, அங்கிருந்த யேர்மன்காரரை வெளியேற்றினார்கள். பத்து வயதில் கைவண்டியில் தம்பியை வைத்து இழுத்துக்கொண்டு நடந்தாராம். வன்னியில் சண்டைக்குள் நாங்கள் சைக்கிள் உருட்டிக்கொண்டு நடந்த கதையை நானும் சொன்னேன். விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று இடங்களின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, தானும் சொல்லிப் பார்ப்பார். மாத்தளன் மட்டும் வாயில் வரும்.

அவருக்கு நீரிழிவு. காலைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கோப்பையில் எடுத்து, முதலில் என் முழங்கையில் தொட்டுப் பார்ப்பேன், ஏனென்றால் அவருடைய காலுக்குச் சூடு தெரியாது. கழுவி, விரலுக்கு விரல் இடையில் ஈரம் இல்லாமல் ஒற்றி, புண் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, கிறீம் பூசுவேன். விரலிடைக்குப் பூசக் கூடாது. இவ்வளவுக்கும் அவர் கையில் செபமாலை இருக்கும். முதல் பாதியை அவர் யேர்மன் மொழியில் சொல்ல, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று நான் தமிழில் எடுப்பேன். நீங்கள் பழக்கிய பழைய செபம்தான் வாயில் வருகிறது. பெரிய வியாழனுக்குச் சுவாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவும்போது நாங்கள் எட்டி எட்டிப் பார்ப்போமே. இப்போது எனக்குக் கிழமையில் ஐந்து நாள் பெரிய வியாழன். இரவு வேலையில் அவர் கர்த்தர் கற்பித்த செபத்தின் பாதியில் நித்திரையாகிவிடுவார். மிச்சத்தை நான் நடையில் போகும்போது சொல்லி முடிப்பேன்.

அப்படிச் சொல்லும்போது கஞ்சி ஊற்றின சிஸ்டர் ஞாபகம் வருவார். 2009இல், மாத்தளன் கடற்கரையில். எனக்கு 11 வயது. பெரிய கிடாரத்தில் கஞ்சி, வரிசையின் முடிவு தெரியாது, எந்த நேரம் செல் குண்டு விழும் என்றும் தெரியாது. சிஸ்டர் செபத்தைத் தொடங்குவார். "எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடம் வந்ததும் நிறுத்தி அகப்பையைத் தூக்கிவிடுவார். "மிச்சத்தைப் பங்கருக்குள்ள போய்ச் சொல்லுங்கோ பிள்ளையள், கஞ்சி ஆறுது." இரவு பங்கருக்குள் நீங்கள்தான் மிச்சத்தைத் தொடங்குவீர்கள். "எங்களுக்கு எதிராகத் தீமை செய்வோரை" என்ற இடத்தில் உங்கள் குரல் நின்றுவிடும். அப்பா எடுத்துச் சொல்லி முடிப்பார். அந்த ஒரு செபத்தில் பாதி கஞ்சியாய் இருந்தது, பாதி அழுகையாய் இருந்தது. அதைவிட முழுதாய் ஒரு செபத்தை நான் அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் கேட்கவில்லை.

சரி, கெபிக்கு வருகிறேன்.

கெபியின் படம் தம்பி அனுப்பினான். வடிவாய்த்தான் இருக்கிறது. மேடு கட்டி, மாபிள் பதித்து, மேலே மாதா, ஏறப் பதினாலு படி. படியை எண்ணினபோது எனக்குச் சின்னம்மாவின் ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால்தான் கண்ணுக்குள் வந்தது. கோயில் வாசலில் இருக்கிற மூன்று படிக்கே அவவை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அதற்காகவே மழை நாளில் அவ பூசைக்கு வருவதில்லை. நம் கோயில் பங்கில் அவவைப் போல எத்தனை பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கேவலாரில் இருக்கிற மாதா படம் ஒரு தபால் அட்டை அளவு கடதாசி, அம்மா. 1642ஆம் ஆண்டு, சண்டைக் காலத்தில், சாமான் தூக்கி விற்றுத் திரிந்த ஒரு மனுசன் "இந்த இடத்தில் எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு" என்ற குரலைக் கேட்டுக் கட்டின சின்னச் சிற்றாலயத்தில் வைத்தது. துன்புறுவோருக்கு ஆறுதல் என்று மாதாவுக்கு அங்கே பெயர். ஆவணியில் தமிழ் ஆட்கள் ஆயிரக்கணக்கில் கூடுவோம். ஊரில் மடு மாதா கோயிலைப் போலவே சைவ ஆட்களும் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். அந்தக் கடதாசிக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறபோது, மாதாவுக்கு மாபிள் வேணுமா என்று எனக்குள் ஒரு கேள்வி. பாவமான கேள்வி என்றால் மன்னியுங்கள்.

அப்போஸ்தலர் பணி ஆறாம் அதிகாரத்தைத் தம்பியை வாசிக்கச் சொல்லுங்கள். பந்தியில் தங்கள் கைம்பெண்களைக் கவனிக்கவில்லை என்று எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசுகிறவர்களிடமிருந்து முறைப்பாடு வருகிறது. அப்போஸ்தலர்கள் தாங்கள் செபத்திலும் வார்த்தையிலும் நிற்பதாகச் சொல்லி, பந்திக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். அந்த ஏழு பேருக்கும் செபித்துத் தலையில் கைவைத்து அனுப்புகிறார்கள். சாப்பாடு பங்கிடப் போகிறவனுக்கும் தலையில் கை வைத்திருக்கிறார்கள், அம்மா. முதல் வேதசாட்சி முடியப்பர் அந்த ஏழு பேரில் ஒருவர்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1992இல் சண்டையால் இரணைதீவை விட்டு எழும்பின உங்கள் சனம், 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு, கடற்படை பிடித்து வைத்திருந்த அந்தத் தீவுக்குத் தாங்களாகவே திரும்பிப் போனது. அதற்கு முன்னம் ஒரு வருசத்துக்குக் கிட்டப் போராட்டத்தில் இருந்தார்கள். நீங்களும் போய் இருந்தீர்கள். செபமும் சொன்னீர்கள், படகுக்கு எண்ணெயும் சேர்த்தீர்கள். செபத்தோடு நிறுத்தியிருந்தால் இண்டைக்கும் கரையில் இருந்து தீவைப் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்த அன்று காலையில்தானே கொழும்பில் யோசேப் வாஸ் சுவாமியைப் புனிதராக்கினார். கண்டியில் அம்மை நோய் வந்து சனம் ஓட, அந்தச் சுவாமி நோயாளிகளோடு தங்கிக் கழுவித் துடைத்தவர் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான், மடு வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு.

அதனால் நான் முடிவெடுத்துவிட்டேன். 500 யூரோ கேட்டார்கள். 50 கெபிக்கு, உங்கள் பெயரில் போடுங்கள், கூட்டத்தில் நீங்கள் தலைகுனிய வேண்டாம். 450 தனியாய் வரும். அது கிளினிக் நாளுக்கு ஓட்டோக் காசு. சின்னம்மாவையும், கால் கை ஏலாத மற்ற ஆட்களையும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர. சந்தியில் நிற்கிற நம் ஓட்டோக்காரத் தம்பியோடு கதைத்தேன், கிளினிக் நாளுக்கு விலை குறைத்துத் தருவான். மருந்துச் சிட்டை பிடித்து வரிசையில் நிற்க இளைஞர் மன்றப் பிள்ளைகளில் முறைக்கு ஒருவர் போகட்டும். முடிய முடிய அனுப்புவேன்.

கெபிக் கூட்டத்தில் சண்டை பிடிக்க வேண்டாம். படியோடு ஒரு சாய்வுப் பாதை வைக்கச் சொல்லி மட்டும் சுவாமியிடம் கேளுங்கள். அவர் நல்லவர், கேட்பார்.

அடுத்தது ஐப்பசி, செபமாலை மாதம். வழமையாய் வடக்குத் தெருவில் பெரிய வீடுகளில் தொடங்கித்தானே மாதா சுரூபத்தைக் கொண்டு போவீர்கள். இந்த முறை முதல் கிழமை கோயிலுக்கு வர ஏலாதவர்களின் வீட்டுக்குக் கொண்டு போங்களேன். அவல், கடலை எதுவும் அந்த வீட்டுக்காரர் தர வேண்டாம், நீங்கள் கொண்டு போங்கள்.

சின்னம்மாவின் நல்ல காலில் வெடிப்பு என்று சொன்னீர்கள். அவவுக்கும் சீனி வருத்தம், கவனம். தண்ணீரை முழங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள். விரலிடையை ஒற்றித் துடையுங்கள். கிறீம் இரண்டு இந்த மாதப் பொதியில் வருகிறது, நீலமூடி.

அன்பு மகன்