பனாய் தீவிலிருந்து

இலோயிலோ மாகாணம், பிலிப்பைன்ஸ்
நவம்பர் 16

அன்புள்ள கிருஷ்ணமூர்த்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்தது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. தை மாதம் முகூர்த்தம் என்றால் நான் வந்து சேர்வது சந்தேகம்தான். என் ஆசீர்வாதத்தை அவளிடம் இப்போதே சொல்லிவிடு. முழங்கால் வலியைத் தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாதே. டாக்டரைப் போய்ப் பார்.

ஓய்வு பெற்ற பிறகு தொண்டு என்று அவ்வளவு தூரம் போய் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். விவரமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது பனாய் தீவின் வடகிழக்குக் கரையில் ஒரு மீனவக் கிராமம். இங்கே கிராமத்தைப் பரங்காய் என்கிறார்கள். நம் ஊராட்சி மாதிரி, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் உண்டு. 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல், இவர்கள் வைத்த பெயரில் யோலாண்டா, இந்தக் கரையின் வழியாகவும் போனது. நாடு முழுவதும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் லெய்த்தே தீவில் டக்ளோபானையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள். இந்தப் பக்கம் உயிர்ச்சேதம் குறைவு, ஆனால் கூரைகளும் படகுகளும் தப்பவில்லை. அந்தப் புயலுக்குப் பிறகுதான் கரையோரம் அலையாத்தி மரம் நட வேண்டும் என்ற பேச்சு நாடெங்கும் வலுத்தது. என் வேலையும் அதுதான்.

ஓதம் வற்றும் நேரமே எங்கள் வேலை நேரம். சில நாள் விடியலுக்கு முன், சில நாள் உச்சி வெயிலில். ஊர்ப் பெண்கள் சங்கத்தினர் தாய் மரங்களின் அடியில் முளைத்த கன்றுகளை மண்ணோடு பெயர்த்து வந்து பைகளில் வளர்க்கிறார்கள். நட்ட கன்றுகளை நாற்பது நாளுக்கு மறந்துவிட்டால் போதும், கொட்டலசு என்ற சின்ன ஓட்டு உயிரிகள் ஒட்டிப் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஒவ்வொன்றாகக் குனிந்து சுரண்டி எடுக்க வேண்டும். பாசியையும் பிளாஸ்டிக் பைகளையும் தண்டிலிருந்து பிரித்துவிட வேண்டும். பேராசிரியர் என்ற பட்டத்துக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. குழந்தைகளுக்கு நான் லோலோ, அதாவது தாத்தா.

தங்கியிருப்பது ஒரு மீனவர் வீட்டில். வீட்டு அம்மாள் என்னைவிட மூத்தவர், அதனால் மானாங் என்று கூப்பிடுகிறேன். நாம் அக்கா என்பது போல. நான் அசைவம் தொடமாட்டேன் என்று தெரிந்த நாளிலிருந்து, லஸ்வா என்ற காய்கறிச் சாறு கொதிக்கும்போது இறால் போடுவதற்கு முன்பே எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுகிறார். பூசணி, வெண்டை, கத்தரி, கை நிறைய முருங்கைக்கீரை. புளியும் மிளகாயும் இல்லை. ஆனால் முருங்கைக்கீரையை வேலியில் ஒடித்து நேராக அடுப்புக்குக் கொண்டு வரும் வீட்டில் எனக்கு எந்த அந்நியமும் தோன்றவில்லை.

அவருடைய மகள் ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறாள். பேரன் பாட்டியிடம் வளர்கிறான். இரவு எட்டு மணிக்கு மேல் அலைபேசியில் அவள் முகம் தெரியும். போன வாரம் பையனுக்கு முன் பல் விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினான். அவள் அங்கே இன்னொருவர் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து அந்தப் பல்லைப் பார்த்தாள். கடல் கடந்து தொண்டு செய்ய வந்தவன் என்று என்னைப் பள்ளி விழாவில் மேடை ஏற்றி மாலை போட்டார்கள். இந்தப் பெண்ணைப் போல ஒவ்வொரு ஊரிலிருந்தும் பிழைக்கப் போயிருக்கிறார்களே, அவர்களுக்கு யார் மாலை போட்டது என்ற எண்ணம் அன்றைக்கு முழுவதும் என்னை விடவில்லை.

இனி, உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம். நான் வருவதற்கு முன் ஓர் அமைப்பு இங்கே ஆயிரக்கணக்கில் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தை நட்டிருக்கிறது. நீளமான அந்த விதைக் குச்சியைச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. பார்க்க வரிசையாக இருக்கும், புகைப்படமும் நன்றாக வரும். நட்ட இடம் கடற்புல் வளரும் தாழ்ந்த திட்டு. கன்றுகள் எல்லாம் செத்துக் காய்ந்த குச்சிகளாக நிற்கின்றன. அதே இடத்தில்தான் ஊர்ப் பெண்கள் தலைமுறையாகச் சிப்பி பொறுக்குகிறார்கள். “அங்கே எந்தக் காலத்திலும் மரம் இருந்ததில்லை” என்றார் மானாங். அவரை யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த நாட்டு ஆய்வாளர் ஜர்கென் பிரிமாவெரா பல ஆண்டுகளாக இதையேதான் சொல்லி வருகிறார்: பெரிய நடவுத் திட்டங்களில் நீண்ட காலம் பிழைப்பது நூற்றுக்குப் பத்து இருபதுதான். அலையை முதலில் தாங்க வேண்டியவை நம் வெண்கண்டலின் இனமும், இவர்கள் பகாட்பாட் என்று சொல்லும் மரமும். அவற்றுக்கு உரிய மேட்டு நிலமெல்லாம் பால்மீன் வளர்க்கும் குளங்களாகிவிட்டன. 1918இல் இந்த நாட்டில் சுமார் 4.5 லட்சம் ஹெக்டேர் அலையாத்திக் காடு இருந்தது. 1990களின் நடுவில் 1.2 லட்சம்தான் மிச்சம். குளங்கள் குத்தகையில் இருப்பதால் யாரும் தொடுவதில்லை. கடலோரத் திட்டுக்கு உரிமை கோர ஆளில்லை, அதனால் அங்கே நடுகிறார்கள். கைவிட்ட குளங்களை மீண்டும் காடாக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே சொல்லியும் காரியம் மெதுவாகத்தான் நகர்கிறது.

எங்கள் பரங்காயில் அப்படி ஒரு கைவிட்ட குளம் இருக்கிறது. கரை ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. உடைப்புக்கு அருகே யாரும் நடாமலே கன்றுகள் முளைத்திருக்கின்றன. உள்ளே தண்ணீர் தேங்கி உப்பேறிக் கிடக்கிறது, அங்கே ஒரு செடி இல்லை. அதைப் பார்த்ததும் பிச்சாவரம்தான் நினைவுக்கு வந்தது. 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் உள்ளே போய்த் திரும்ப வழி செய்தார்களே, அதே நோய்தான் இங்கேயும். வெட்டிய போது நீ பக்கத்தில் நின்று அளவு எழுதியவன்.

அந்தப் பழைய குறிப்பேடு உன் பரணில் இருக்கும். தலைமை வாய்க்காலின் அகலம், ஆழம், கிளைகள் பிரியும் கோணம், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை தூர் எடுத்தீர்கள் என்பது வரை எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பு. டிசம்பர் முதல் வாரம் பரங்காய் தலைவரோடும் பெண்கள் சங்கத்தோடும் கூட்டம் வைத்திருக்கிறோம், அதற்குள் கிடைத்தால் பெரிய உதவி. சேறு இங்கே பிச்சாவரத்தைவிட இளகலாக இருக்கிறது. கரைச் சரிவை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றுவதையும் எழுது.

அன்புடன்,
சுந்தரேசன்