அச்சு நாளிதழ் எங்களுக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையம் வந்தபின் அச்சு இதழ்களின் காலம் முடிந்தது என்று பலரும் சொல்கிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. நாட்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் சும்மா கிடந்தது. தக்கலையில் நான் வழக்கமாகப் போகும் சாயாக்கடையில், ஓரம் நனைந்து வந்த ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து பெஞ்சில் விரித்தோம். ஒருவர் உரக்க வாசித்தார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய செய்தி வந்ததும், கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

வேகத்தில் இணையத்தை முந்த முடியாது. சரி, அந்தப் போட்டியே வேண்டாம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம், ரப்பர் விலை, கால்வாய் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதையெல்லாம் நேரில் விசாரித்து எழுத உள்ளூர் நிருபர் வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதை யார் எழுதினார்கள் என்றே தெரிவதில்லை. பத்திரிகையில் தவறு வந்தால் உங்களிடம் கேட்கலாம்.

தினமலர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற எங்கள் தென் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்துக்குத் துணை நின்றது. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழகத்தோடு இணைந்தோம். பத்திரிகையின் அருமை எங்களுக்குத் தெரியும்.

வட்டாரச் செய்திக்கு இன்னும் ஒரு பக்கம் கூட்டித் தாருங்கள். அதற்காக விலையில் ஒரு ரூபாய் ஏற்றினாலும் வாங்குவோம்.

- ஒரு வாசகர், தக்கலை