ஐம்பதுக்கு மேல் பிரெஞ்சு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று என்று படித்ததும் அப்படியொரு சந்தோஷம். அம்மாவுக்குக் கீழேயே அறை ஒதுக்கிவிடு, மூட்டுவலியோடு அவரைப் படியேற வைக்காதே. இங்கே மான்ட்ரியலில் ஏப்ரல் பிறந்தும் தெருவோரத்தில் பனி கிடக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். லியோனில் இருக்கும் சம்பந்தியோடு நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசவேண்டும் என்று டூயோலிங்கோவில் பிரெஞ்சு ஆரம்பித்திருக்கிறாய், ஐம்பதைத் தாண்டிய பிறகு இதெல்லாம் மண்டையில் ஏறுமா என்று கேட்டிருக்கிறாய். ஏறும். நானும் அந்தச் செயலியில்தான் தொடங்கினேன். இன்று கடையில், வங்கியில், மருத்துவரிடம் ஆங்கிலத்தைத் தொடாமல் பேசிவிட்டு வருகிறேன். ஆனால் செயலியால் மட்டும் அது நடக்கவில்லை.

நினைவில் நிறுத்துவதற்கு மென்பொருளை மிஞ்ச எதுவும் இல்லை. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதித்து 1885-லேயே எழுதிவிட்டார். மறக்கப்போகிற சமயம் பார்த்துச் சொல்லை மறுபடி கண்முன் நிறுத்துவது, ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது, இதுதான் சூட்சுமம். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று அட்டை போட்டுக் காட்டும் அன்கி என்ற மென்பொருள் இந்த வேலையை மட்டுமே செய்கிறது, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், இறக்கிக்கொள். பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். எல்லாவற்றையும் அஃறிணை என்று ஒதுக்கிப் பழகிய நமக்கு இதற்குக் காரணம் தேடுவது வீண்வேலை. அட்டையில் சொல்லை மட்டும் எழுதாமல் ‘லா தாப்ல்’, ‘லெ லீவ்ர்’ என்று முன்னொட்டோடு சேர்த்துப் போட்டுவிடு, இரண்டும் ஒன்றாகவே மனசில் உட்காரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இந்தச் செயலிகளில் நாம் எடுக்கும் பாடம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வருகிறது, நாமும் தமிழை ஓரமாக வைத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போய் அங்கிருந்து பிரெஞ்சுக்குத் தாவுகிறோம். எதற்கு இந்தச் சுற்று? நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல ‘தூ’, ‘வூ’ என்று இரண்டு வைத்திருக்கிறார்களே, யாரிடம் எது என்று ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்கவேண்டியிருக்கிறது; சம்பந்தியை முதல் சந்திப்பிலேயே ‘நீ’ என்று கூப்பிடலாமா என்று உனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? வணக்கம் சொல்லும் ‘பொன்ஜூர்’ என்பதன் முதல் அசை மூக்கில் போகவேண்டும், அது வரவில்லை என்று பலர் திணறுகிறார்கள். ‘அவன் வந்தான்’ என்று வீட்டில் சொல்வதுபோல் சொல்லிப்பார், கடைசி ‘ன்’ நாக்கில் படாமல் மூக்கில் கரைந்துவிடும். ஏறக்குறைய அதே சங்கதிதான்.

இன்னொன்று, அவர்கள் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. எனக்குத் தெரியாது என்பதை ‘ழெ நெ சே பா’ என்று செயலி கற்றுத்தரும், தெருவில் அது ‘ஷே பா’ ஆகிவிடும். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துட்டிருக்கேன்’ என்று பேசும் நமக்கு இதில் என்ன அதிர்ச்சி! பேச்சுக்கு வேறு காது வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே ஏற்றுக்கொண்டால் போதும்.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. மீனுக்கும் பானத்துக்கும் அவர்கள் சொல்லும் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘ப்வாஸோன்’ என்று ஒன்றாகிவிடும், முதல் எழுத்து மீனுக்கு p, பானத்துக்கு b என்பது மட்டும்தான் வித்தியாசம். அதனால் நோட்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைக்கும் பழக்கம் வேண்டாம், ஒலியைக் கேட்டே படி. ஆர்.எஃப்.ஐ. வானொலி கற்பவர்களுக்கென்றே எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி தருகிறது, எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். முதலில் காது, அப்புறம் கண்.

கலைத்துப்போட்ட சொற்களை விரலால் தட்டி வரிசைப்படுத்துவது பேச்சாகாது, எதிரில் ஆள் இருந்தால்தான் வாய் திறக்கும். எனக்கு அது இங்கே கியூபெக் மாகாண அரசு குடியேறியவர்களுக்கு நடத்தும் இலவச மாலை வகுப்பில் நடந்தது. பக்கத்தில் ஒரு கொலம்பியாக்காரர், ஒரு பஞ்சாபி அம்மா. மூவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு ஒன்றுதான், அதில்தான் பிள்ளைகளைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் பேசித் தீர்த்தோம். (இங்கத்திய பேச்சு வேறு மாதிரி, பிரான்சில் இரவு உணவுக்குச் சொல்லும் ‘தினே’ இங்கே மதியச் சாப்பாடு. லியோனுக்குப் போகிற உனக்கு அந்தக் கவலை இல்லை.)

நீ கடலூரில் இருந்துகொண்டு ஆளுக்கு எங்கே போவது என்று கேட்காதே. பாண்டி பஸ் ஏறினால் ஆயிற்று. அங்கே பிரெஞ்சு கற்றுத்தரும் அலையன்ஸ் பிரான்சேஸ் 1889-லிருந்து இருக்கிறது. அதையும்விட, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள், சொல்தா என்று ஊரில் சொல்வார்களே, அவர்களில் ஒருவரைப் பழக்கம் பிடி. தமிழும் தெரிந்து பிரெஞ்சும் தெரிந்த மனிதர் எந்த மென்பொருளிலும் கிடைக்கமாட்டார்.

நான் ஒன்று செய்கிறேன். ஞாயிறுதோறும் உங்கள் நேரம் இரவு எட்டு மணிக்கு, எனக்குக் காலை பத்தரை, கூப்பிடுகிறேன். முதல் கால்மணி நேரம் பிரெஞ்சு மட்டும். வீட்டு வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதையும் அதிலேயே சொல்லு, தெரியாத சொல்லைக் கையோடு அட்டையில் போட்டுக்கொள். இந்த ஞாயிறே தொடங்கலாமா?

அன்புடன்,
உன் நண்பன்